எந்த ஓட்டலில் சாப்பிடுவது?

கல்யாண நாளைக்கு எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா, அதற்கு இந்தப் பத்திரிகையில் பக்கம் ஒதுக்க வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். பஞ்சமி நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று எத்தனையோ இருக்க, ஓட்டல் பற்றியா? நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். 2024ல் எங்கள் இருபத்தைந்தாவது மணநாளுக்கு நானும் என் துணைவியாரும் ஏலகிரிக்குப் போய் வந்த இரண்டு நாளில், இந்த ஒரு கேள்வியைச் சுற்றி எங்களுக்குள் நடந்த சண்டையில்தான், இத்தனை வருசமாக நான் மேடையில் பேசிய சுயமரியாதையை அவர் பிடித்து உலுக்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த ஊர் என்று கூரம் செப்பேடு சொல்கிறது, பாடப் புத்தகத்திலும் ஒரு வரி வரும். ராஜாக்கள் எங்கே சண்டை போட்டார்கள் என்பதற்குச் செப்பேடு இருக்கிறது. அந்தப் படைக்குச் சோறாக்கியவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்பதற்கு எந்தச் செப்பேடும் இல்லை. இப்போது எங்கள் ஊரைச் சுற்றி ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் என்று கம்பெனிகள். பீகார், ஒடிசாப் பையன்கள் அறை எடுத்துத் தங்கி இருக்கிறார்கள். சப்பாத்திக் கடையும் கொரியாக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடையும்கூட ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்துவிட்டன. என் துணைவியார் ஒரு கம்பெனி கேன்டீனில் கான்டிராக்டில் தட்டு கழுவுகிறார். ஷிப்டு ஒன்றுக்கு எத்தனை தட்டு என்று கேட்டால், "எண்ணுனா பைத்தியம் புடிச்சிடும்" என்பார்.

பிள்ளைகள் மூவாயிரம் ரூபாய் கையில் கொடுத்து, "நல்ல ஓட்டலா பாத்து சாப்புடுங்கப்பா" என்று அனுப்பினார்கள். "நல்ல ஓட்டல்" என்றதும் என் மனசில் வந்தது எது தெரியுமா? வாசலில் கோலம், கல்லாவுக்குப் பின்னால் சாமி படம், ஊதுவத்தி, கழுவித் துடைத்த கல் மேசை, "உயர்தர சைவ உணவகம்" என்ற போர்டு. மாட்டுக்கறி அரசியலைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! ஆனால் பெண்டாட்டியை "மரியாதையாக" ஒரு இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றதும் என் கால் தானாக அந்தப் போர்டுப் பக்கம்தான் போனது. தோழர்கள் சிரிக்கலாம். உங்கள் கால் எங்கே போகிறது என்றும் கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள்.

முதல் நாள் மத்தியானம் வேலூர் வந்ததும் அப்படிப்பட்ட ஒரு ஓட்டலுக்குத்தான் போனோம். பெயர் வேண்டாம். கூட்டம் இருந்ததால் கல்லாப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. கல்லாவில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருங்க?"

"மணிமங்கலம். படப்பை பக்கம்."

"தெரியும் தெரியும், நமக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க. மணிமங்கலத்துல எங்க?"

இந்த "எங்க" என்பதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரா, காலனியா என்பதுதான் அந்தக் கேள்வி. சாதியைக் கேட்காமல் சாதியைக் கேட்கத் தமிழன் கண்டுபிடித்த ஒற்றைச் சொல். நான் "காலனி" என்றேன். அவர் "ஓ" என்றார். அவ்வளவுதான். இடம் கொடுத்தார்கள், இலை போட்டார்கள், சாம்பார், ரசம், மோர் எல்லாம் வந்தன. யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. ஆனால் அந்த "ஓ"வுக்குப் பிறகு என் துணைவியார் இரண்டாவது தரம் சோறு கேட்கவில்லை. அப்பளத்தைச் சத்தம் வராமல் உடைத்தார். சாப்பிட்டு முடித்ததும், சர்வர் வேண்டாம் என்று சொல்லியும், இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்து கேட்டேன், இலையை ஏன் எடுத்தாய் என்று.

"தெரியல. கை தானா போயிடுச்சி."

அந்தக் கை இருபது வருசமாக அடுத்தவன் தட்டை எடுத்த கை. அதற்கு முன்னால் அவருடைய அம்மா கை, டீக்கடையில் தன் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்த கை.

என் அம்மா எங்கே கிளம்பினாலும் புளிச்சோறு கட்டிக்கொள்வார். மருவத்தூருக்குப் போனாலும், ஜிப்மருக்குப் போனாலும் ஒரு தூக்குச் சட்டி. சிக்கனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காசு மட்டும் காரணமில்லை. எந்த ஊரில், எந்தக் கடையில், எந்தப் பக்கம் உட்காரலாம், எந்த தம்ளரைத் தொடலாம் என்று தெரியாதவர்களுக்குக் கட்டுச்சோறுதான் தைரியம். அமெரிக்காவில் விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடத் தொடங்கினார். கறுப்பர்கள் காரில் பயணம் போனால் எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பாடு கிடைக்கும், எங்கே படுக்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று முகவரியோடு பட்டியல். முப்பது வருசம் அந்தப் புத்தகம் வந்தது. நமக்கு அப்படி ஒரு புத்தகம் யாரும் போடவில்லை. அம்மாமார்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மனப்பாடத்தில் இல்லாத ஊருக்குத் தூக்குச் சட்டி.

தூக்குச் சட்டியும் எப்போதும் காப்பாற்றாது. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்த மாணவர்களுக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பையனாக அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறார். ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டி. கூடையில் சாப்பாடு நிறைய இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் இல்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியாகப் படுக்கிறார்கள். பிறகு அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவர், தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதிக் கொடுத்துத் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். 1934ல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரோடு எல்லோரா, தௌலதாபாத் என்று ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார். கவனியுங்கள், போராட்டம் நடத்தப் போகவில்லை, சுற்றுலா. கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவியதற்கு, குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிடுகிறது. கடைசியில் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாயைக் கூட அனுப்பித்தான் உள்ளே விடுகிறார்கள். மற்றவனுக்குச் சுற்றுலா என்றால் ஊரைப் பார்ப்பது. நம்மை ஊர் பார்க்கும்.

இந்த இடத்தில் நம் திராவிடத் தோழர்கள், பிராமணாள் ஓட்டலை நாங்கள்தானே ஒழித்தோம் என்பார்கள். மறுக்கவில்லை. ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கென்று இருந்த தனி இடம் 1941ல் போனது சுயமரியாதை இயக்கத்தால். 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் மறியல் செய்து, நூற்றுக்கணக்கானவர்கள் கைதாகி, 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க வைத்தவர் பெரியார். 2012ல் ஸ்ரீரங்கத்தில் அதே எழுத்து மறுபடி தலைகாட்டியபோதும் பெரியார் தொண்டர்கள்தான் வீதிக்கு வந்தார்கள். நன்றியோடு சொல்கிறேன். ஆனால் போர்டில் எழுதியிருந்ததை அழித்த அதே காலத்தில், போர்டே இல்லாத கிராமத்து டீக்கடையில் இரட்டை தம்ளர் இருந்தது. அந்தக் கடைக்காரர் பார்ப்பனர் அல்ல. இன்று சில இடங்களில் தம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்திருக்கிறது. சுகாதாரமாம்! எழுதி வைத்த தீண்டாமையை அழிக்கலாம். "மணிமங்கலத்துல எங்க?" என்பதை எந்தத் தார்ச் சட்டியால் அழிப்பது?

போர்டு என்றதும் இன்னொன்று. அன்றைக்கு பஸ் ஜன்னலில் உட்கார்ந்து வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அய்யங்கார் பேக்கரி, செட்டிநாடு மெஸ், நாயுடு ஓட்டல், கவுண்டர் மெஸ். சாப்பாட்டுக்கு முன்னால் சாதிப் பெயர் போட்டால் ருசி கூடுகிறது. பறையர் மெஸ், அருந்ததியர் பிரியாணி என்று ஒரு போர்டை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நம் பெண்கள் கைப்பக்குவம் யாருக்குக் குறைந்தது? கொத்துக்கறியும் உப்புக்கண்டமும் குடல் குழம்பும் ஆக்கத் தெரிந்தவர்கள், கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறார்கள். சாதிப் பெயரில் கடை வைப்பதே அசிங்கம், அதில் நமக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் எந்தச் சாதியின் பெயர் மணக்கிறது, எது நாறுகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அசிங்கம் பற்றிப் பேசலாம்.

அப்புறம் அந்த "சுத்த சைவம்". ஒரு சமயத்தின் பெயரை எடுத்துக் காய்கறிக்கு வைத்தார்கள். மற்றதெல்லாம் "அசைவம்", அதாவது எதிர்மறை. முன்னால் "சுத்த" என்று ஒரு ஒட்டு. அப்படியானால் மற்றவன் வாய் என்ன? இந்தச் சுத்தம் ஓட்டலோடு நிற்பதில்லை. வீடு வாடகைக்கு, சைவம் மட்டும் என்று தாம்பரத்திலிருந்து பாருங்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் சைவக்காரர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று காகிதம் ஒட்டினார்கள். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்ட மாணவர்கள் வெளியே கொண்டு வந்த பிறகுதான் காகிதம் கிழிந்தது. ராக்கெட்டு விஞ்ஞானம் படிக்கிற இடத்தில் கை கழுவத் தனித் தொட்டி! அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஓட்டலுக்குள் நுழைவதை யாரும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அங்கிருக்கும் பாத்திரத்தைப் புழங்கும் உரிமையையும் சேர்த்துத் தருகிறது. வாங்கித் தந்தவர்களை மறக்க முடியாது. உள்ளே போய் உட்காருவது வரை சட்டம் கூட வருகிறது. உள்ளே போகும்போது நம் ஊரையும் நம் சாப்பாட்டையும் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறதே, அதற்குச் சட்டம் என்ன செய்யும்?

ஏலகிரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மலை நன்றாக இருந்தது, அறை வாடகை அதிகம். மறுநாள்தான் கல்யாண நாள். சாயங்காலம் மலையிறங்கி வாணியம்பாடி வந்தோம். ராத்திரிச் சாப்பாட்டை ஏதாவது ஒரு ஊரில் முடித்துவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று திட்டம். வேலூரிலேயே ஏ.சி. போட்ட இன்னொரு சைவ ஓட்டல் இருப்பதாகச் சொன்னேன். அப்போதுதான் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நீ மாறவே மாட்டியா? கல்யாணத்தன்னிக்கி இன்னா பண்ணினன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 1999ல் எங்கள் திருமணம். அம்பேத்கர், பெரியார் படம் வைத்து, தாலி இல்லாமல், தோழர்கள் பேசி நடந்த கல்யாணம். பெரியவர்கள் கறிச்சோறு போடலாம் என்றார்கள். மாட்டுக்கறிதான், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு எப்போதும் அதுதான். நான்தான் தடுத்தேன். என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் பத்துப் பேர் முதல் முறையாகக் காலனிக்கு வருகிறார்கள், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது, சாம்பார், வடை, பாயசம் போதும் என்று அடம் பிடித்தேன். நண்பர்கள் வந்தார்கள். மொய் எழுதினார்கள், கை குலுக்கினார்கள். "வெயிலுக்குச் சாப்பிட முடியல" என்று ஆளுக்கொரு கலர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூடி போட்ட பாட்டில். நம் கை படாத பாட்டில். என் மாமனார் அந்தச் சாம்பாரை மூன்று நாள் பேசினார்.

"அவனுங்களுக்காக எங்கப்பனுக்குச் சாம்பார் ஊத்தின. அவனுங்க கலர் குடிச்சிட்டுப் போனானுங்க. இருவத்தஞ்சி வருசம் கழிச்சி எனக்கும் சாம்பாரா? நான் தெனமும் சத்தமே இல்லாத தட்டு கழுவுறவ. இன்னிக்கி ஒரு நாளு எலும்ப கடிச்சி சத்தமா சாப்புடணும்."

ஆம்பூரில் இறங்கினோம்.

ஆம்பூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலை, ஷூ கம்பெனி என்று நம் மக்களும் முஸ்லிம் மக்களும் சேர்ந்து உழைத்து உருவாக்கிய ஊர். சீரகச் சம்பா அரிசி, கூடக் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. ஊர் பெயரைச் சொன்னாலே பிரியாணிதான். ஆட்டுக்கறியும் கோழியும் உண்டு. உழைக்கிறவனின் காசுக்கு வயிறு நிறையக் கிடைப்பது மாட்டுக்கறி பிரியாணி. அந்த ஊரில்தான் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா என்று அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. ஆம்பூரில்! எஸ்.சி., எஸ்.டி. ஆணையம், இதை ஏன் பாகுபாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கம் கேட்டது. மழை வரும் என்று காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் முதலில் மாட்டுக்கறி இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் கடைக்கு இடம் கிடைத்தது. கலெக்டர் ஒருவர் சாதி பார்த்தார் என்பதல்ல என் குற்றச்சாட்டு. அரசு ஒரு ஊரின் பெருமையைக் காட்சிக்கு வைக்கும்போது, அந்த ஊரின் பாதிப் பேர் தட்டில் இருப்பதைத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் வைக்கிறது. நான் என் கல்யாணத்தில் செய்ததும் அதுதான்.

இதில் ஒரு குழப்பத்தையும் பேசிவிட வேண்டும். 1927ல் மகத்தில் அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே என்று சில தோழர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. ஊரான் வீட்டில் செத்ததை இழுத்துப் போட்டு, கூலிக்குப் பதில் அதைத் தின்னும் அடிமை முறையை. 1948ல் வந்த தீண்டப்படாதவர்கள் யார் என்ற நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பைத் தோண்டி எடுத்தவரும் அவர்தான். மாட்டுக்கறி தின்றால்தான் தலித் என்று நான் சொல்லவில்லை. கறியே பிடிக்காதவர்கள் நம் வீடுகளில் உண்டு, சாம்பார் பிரியர்கள் உண்டு, எனக்கே வத்தக் குழம்பு என்றால் உயிர். பிடித்ததைச் சாப்பிடுவது வேறு, மதிப்புக் கிடைக்கும் என்று நம் வீட்டு அடுப்பை ஒளித்து வைத்துவிட்டு அடுத்தவன் அடுப்பில் போய் உட்காருவது வேறு. இரண்டாவதை நான் இருபத்தைந்து வருசம் சுயமரியாதை என்று எண்ணிக் கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் 1960 பிப்ரவரி முதல் தேதி, கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள், மறுநாளும் போனார்கள். அதிலிருந்து தென்மாநிலங்கள் முழுக்கப் பற்றிக்கொண்டது. நம் மாணவர்கள் இதைப் படிக்க வேண்டும். நம் பக்கத்திலும் பாடம் உண்டு. வேலூருக்கு பஸ்ஸில் வரும்போது சுங்குவார்சத்திரம் தாண்டுகிறோமே, அந்த நெடுஞ்சாலையைத்தான் 2021 டிசம்பரில் செல்போன் கம்பெனிப் பெண்கள் மறித்து உட்கார்ந்தார்கள். பூந்தமல்லிப் பக்கம் விடுதியில் போட்ட சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு. சம்பளத்துக்கு மறியல் பார்த்திருக்கிறோம். சோற்றுக்காகச் சர்வதேசக் கம்பெனியின் வாசலையே மூட வைத்தவர்கள் அந்தப் பெண்கள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது என் துணைவியார் கையால் காட்டி, "இங்கதான் குந்தினாங்க" என்றார், ஏதோ கோயிலைக் காட்டுவது மாதிரி.

ஆம்பூர்க் கடை பெரியதில்லை. ஏ.சி. இல்லை. மேசை ஆடியது, ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தார்கள். வெளியே போர்டில் பீஃப் என்று மட்டன், சிக்கன் அளவுக்கே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எனக்கு முதலில் பட்டது அதுதான். சின்ன எழுத்தில் இல்லை. கல்லாவில் இருந்த பாய் எங்களைப் பார்த்துக் கேட்டது, "எத்தன பேரு?" எந்த ஊர் என்று கேட்கவில்லை. முஸ்லிம் கடையில் சாதியே கிடையாது என்று நான் கதை விடப் போவதில்லை, அதற்குத் தனியாகப் பேச நிறைய இருக்கிறது. அன்றைக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பிரியாணி, ஒரு வறுவல். என் துணைவியார் முதல் பிரியாணியை முடித்துவிட்டு இன்னொரு அரை வாங்கினார். கத்திரிக்காயை இரண்டு முறை கேட்டார். எலும்பைத் தட்டில் தட்டி, உறிஞ்சி, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். முடித்ததும் கை தட்டுப் பக்கம் போனது. நானும் பார்த்தேன். தட்டின் ஓரம் வரை போய், நின்று, தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தது. தட்டை ஒரு பையன் வந்து எடுத்துப் போனான். "மெதுவாப் போப்பா, ஏந்தி எடுத்தா கை வலிக்காது, நெஞ்சோட சாச்சிக்க" என்று அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்.

பிள்ளைகளுக்கும், கேன்டீனில் கூட வேலை செய்யும் பெண்களுக்கும் என்று ஐந்து பார்சல் கட்டினோம். மூவாயிரத்தில் நிறைய மிச்சம் இருந்தது. ராத்திரி பஸ்ஸில் பையைக் காலுக்கடியில் வைத்தேன். சீரகச் சம்பா வாசனை என்ன செய்தாலும் அடங்கவில்லை. வாலாஜா தாண்டியிருக்கும். முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பி, நெற்றியில் பட்டை, நல்ல முகம், "ஆம்பூரா? மட்டனுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆமா என்று சொல்லத்தான்.

"மாட்டுக்கறிங்க," என்றார் என் துணைவியார். "ஒரு பொட்டலம் வேணுமா?"